பாம்பன் கடலுக்கு எந்த நீலம்? டிஜிட்டல் ஓவியம் பழகுபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். இரண்டு மூன்று பேரிடம் டேப்லெட் இருக்கிறது, மற்றவர்களிடம் கைபேசிதான். சிறுவர் புத்தகங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் படம் வரைவது என் பிழைப்பு என்பதால், தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். கோடு போடும்வரை திண்ணையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். நிறம் தீட்டும் நேரம் வந்ததும் எல்லாரும் மௌனமாகி என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வரும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வருபவரிடம் "முதலில் இதைப் படித்துவிட்டு வா" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்ற சோம்பலும் இதில் கொஞ்சம் உண்டு.

வண்ணக் கோட்பாடு படிக்காமல் வரைய முடியாதா?

முடியும். மார்கழியில் கலர்க் கோலம் போடும் பெண்கள் யாரும் கோட்பாடு படித்துவிட்டு வாசலுக்கு வரவில்லை. ஆனால் அவர்களுக்குப் பல ஆண்டுக் கைப்பழக்கம் இருக்கிறது. கிண்ணங்களில் இருப்பதும் ஏழெட்டுப் பொடிகள்தான். உங்கள் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் வருகிறது. அத்தனை பொடிக் கிண்ணங்களை முன்னால் வைத்துக்கொண்டு விழிப்பவருக்குத்தான் கோட்பாடு வேண்டியிருக்கிறது. படம் நன்றாக வந்துகொண்டிருந்தால் அதை மறந்துவிடலாம். ஏதோ சரியில்லை, எது என்று தெரியவில்லை என்னும்போது தேடிப் பார்க்க உதவும்.

சாயல், ஒளியளவு, செறிவு என்று மூன்று சொல்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

பங்குனி வெயிலில் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் போனால் களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய்தான். மூன்று வகையாகப் பொறுக்கி ஒரு வெள்ளைத் துணியில் வையுங்கள். அன்று பறித்த பழம் ஒன்று, நன்றாகக் காய்ந்த வத்தல் ஒன்று, வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு வெளுத்துப்போனது ஒன்று.

மூன்றையும் சிவப்பு என்றுதான் சொல்வோம். அது சாயல், நிறத்துக்கு நாம் வைக்கும் பெயர். பழத்தைவிட வத்தல் இருண்டிருக்கிறது, வெளுத்தது இரண்டையும்விட வெளிச்சமாக இருக்கிறது. அது ஒளியளவு, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் அந்த நிறம் எந்தப் படியில் நிற்கிறது என்பது. பழத்தின் சிவப்பு கண்ணைப் பறிக்கிறது, வெளுத்ததில் சிவப்பு இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது செறிவு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் நிறங்களை இப்படி மூன்று அளவுகளால் குறிக்கும் முறையை வெளியிட்டார். இன்று உங்கள் வரையும் செயலியில் இருக்கும் மூன்று ஸ்லைடர்களும் ஏறத்தாழ அதே எண்ணத்தில்தான் அமைந்திருக்கின்றன.

துணியை எடுத்து வைப்பதற்கு முன், அந்தப் பழத்தை இன்னும் ஒரு நிமிடம் பாருங்கள். தோலின் மேல் ஒரு சிறு பளிச்சிடல் தெரியும். அதில் சிவப்பே இல்லை. வானத்தின் வெளிர்நீலம்தான் அங்கே இருக்கிறது. இரண்டு பழங்கள் ஒட்டிக் கிடக்கும் இடுக்கைப் பாருங்கள். அங்கே இருட்டாக இருந்தாலும் சிவப்பு முன்னைவிடக் கொழுத்துத் தெரியும், ஏனென்றால் ஒரு பழத்தில் பட்ட வெளிச்சம் சிவப்பாகித்தான் அடுத்த பழத்தின்மேல் விழுகிறது. மிளகாய்க் குவியலை வரையும் பிள்ளைகள் அந்த இடுக்குகளில் சாம்பல் கலந்த பழுப்பை வைத்துவிடுவார்கள். குவியல் உடனே பழையதாகிவிடும்.

இந்த மூன்றில் எதை முதலில் கற்க வேண்டும்?

ஒளியளவை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒளியளவு சரியாக இருந்தால் கடலைச் சிவப்பாகத் தீட்டினாலும் கடல் என்று தெரியும். அது பிசகினால், கடலிலிருந்தே நீலத்தைத் தொட்டு எடுத்து வைத்தாலும் படம் நிற்காது.

சென்ற ஆண்டு ஒரு பையன் புதிய பாம்பன் பாலத்தை வரைந்து வந்தான். 2025 ஏப்ரலில் திறந்தார்களே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறும் பாலம், அதுதான். மாலை நேரம், ஆரஞ்சு வானம், பச்சைக் கடல், நீலப் படகு. ஒவ்வொரு நிறமும் தனியாகப் பார்த்தால் அழகு. சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு கிடந்தது. "இன்னும் பளிச்சென்று ஆக்கட்டுமா, அக்கா?" என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய லேயர் (படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) போட்டு, அதைக் கறுப்பால் நிரப்பி, கீழே உள்ளதோடு அது கலக்கும் விதத்தை, அதாவது கலப்பு முறையைக் 'கலர்' என்று மாற்றச் சொன்னேன். நிறமெல்லாம் போய் ஒளியளவு மட்டும் மிஞ்சியது. வானம், கடல், படகு மூன்றும் ஒரே சாம்பல். பாலம் எங்கே என்று அவனே விரலால் தேடினான்.

பிறகு அவன் எந்தச் சாயலையும் மாற்றவில்லை. வானத்தை இரண்டு படி ஏற்றினான், படகை மூன்று படி இறக்கினான், அவ்வளவுதான். அந்தக் கறுப்பு லேயரை அணைத்தும் எரித்தும் பார்த்துக்கொண்டே வரைவது இப்போது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஸ்லைடரில் ஒளியளவு 100 என்றே வைத்திருக்கிறேன். மஞ்சள் பளிச்சென்று இருக்கிறது, நீலம் இருட்டாக இருக்கிறது. செயலி தவறா?

செயலி தன் கணக்கில் சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் அது நம் கண்ணின் கணக்கு இல்லை. பெரும்பாலான செயலிகளில் இருக்கும் அந்த மூன்றாவது ஸ்லைடர், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது உச்சமோ அந்த எண்ணை மட்டும் பார்க்கிறது. நம் கண் மூன்றையும் சமமாக நடத்துவதில்லை. திரையில் தெரியும் வெள்ளையின் ஒளிர்வை 100 என்று கொண்டால், அதில் பச்சையின் பங்கு சுமார் 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆக 93. நீலம் தனியாக 7. ஸ்லைடரில் இரண்டுக்கும் 100 என்றே காட்டும். அதனால்தான் அந்த எண்ணை நம்பாமல் கறுப்பு லேயர் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பள்ளியில் அடிப்படை நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்றார்கள். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

கைபேசித் திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, விரல்நுனியால் ஒரு சிறு துளித் தண்ணீர் வையுங்கள். துளி உருப்பெருக்கிபோல வேலை செய்யும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மின்னும். வெள்ளை என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மூன்றின் கூட்டு. திரை வெளிச்சத்தோடு வெளிச்சத்தைக் கூட்டுகிறது. சாயம் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் கலக்கக் கலக்க இருட்டாகும். அச்சகத்தில் சியான் என்னும் நீலப்பச்சை, மெஜந்தா என்னும் அடர் ரோஸ், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள் இருப்பதும் அதனால்தான். பள்ளியில் சொன்ன சிவப்பு, மஞ்சள், நீலம் வாட்டர்கலர் பெட்டிக்காரர்களின் பழைய கணக்கு. அது பெட்டிக்குள் ஓரளவு செல்லும்.

வண்ணச் சக்கரமும் இதே குழப்பத்தில் சிக்குகிறது. நியூட்டன் 1704-இல் நிறங்களை வட்டமாக வளைத்துக் காட்டியதிலிருந்து பல சக்கரங்கள் வந்துவிட்டன. ஓவியப் பெட்டிச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை இருக்கும். திரைச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே இருப்பது சியான். எந்தச் சக்கரத்தைப் பார்த்துப் பாடம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பாம்பன் கடலுக்கு எந்த நீலம் வைக்க வேண்டும்?

இதைக் கேட்காத ஆளில்லை. பதில் சொல்வதற்கு முன் நான் கேட்பது, எந்தக் கடல்? பாலத்தின் மேல் ராமேஸ்வரத்தை நோக்கிப் போகும்போது இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. நம் கடற்கரையில் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றொன்றை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அடங்கிக் கிடக்கும், மற்றொன்று அலையடிக்கும். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், இரண்டும் ஒரே நிறத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

கடலின் நிறம் நான்கு இடங்களிலிருந்து வருகிறது. முதலில் தண்ணீர். அது சிவப்பொளியை விரைவாக விழுங்கும், நீலத்தை விட்டுவைக்கும். ஆழம் கூடக் கூட நீலம் கூடும். பாசி எடுக்க முங்கும் பெண்களின் சிவப்புச் சேலை சில மீட்டர் ஆழத்தில் பழுப்பாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். இரண்டாவது தரை. ஆழம் குறைந்த இடத்தில் வெள்ளை மணல் இருந்தால், கீழே போன வெளிச்சம் மணலில் பட்டுத் திரும்பி வரும்; அங்கேதான் சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கும் அந்த நீலப்பச்சை. அதே ஆழத்தில் கடல்புல் படர்ந்திருந்தால் கரும்பச்சைத் திட்டு. மூன்றாவது தண்ணீரில் மிதக்கும் சேறு. வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணை கலங்கினால் பால் விட்ட பச்சையாகிவிடும், அன்றைக்கு நீலத்தைத் தொடவே வேண்டாம். நான்காவது வானம். காலடியில் இருக்கும் தண்ணீருக்குள் பார்வை இறங்கும். தொலைவில் இருக்கும் தண்ணீரின் மேல் பார்வை சாய்ந்து விழுவதால் அது கண்ணாடிபோல வானத்தையே காட்டும். அதனால் அடிவானத்துக்கு அருகில் கடலின் நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேகம்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்று ஒரு சோதனை செய்தோம். ஒரு சாம்பல் நிற அட்டையில் பேனா முனை அளவுக்குத் துளை போட்டு, கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளை வழியாகக் கடலின் ஒவ்வொரு இடத்தையும் பார்ப்பது. துளைக்குள் தெரிவது கடல் இல்லை, வெறும் நிறம். "நீலம்" என்று எழுதிக்கொண்டு வந்த பிள்ளைகள் அட்டையை இறக்கும்போது எழுதியிருந்தவை: வெளிர்ப்பச்சை, பாசிப்பச்சை, சாம்பல், ஊதா கலந்த சாம்பல், கிட்டத்தட்ட வெள்ளை. நீலம் என்று ஒரே ஒரு கீற்றை மட்டும் ஒருத்தி குறித்திருந்தாள். கீழக்கரையிலிருந்து வரும் பெண் அவள், அக்கா என்பதற்கு அவர்கள் வழக்கப்படி என்னை லாத்தா என்று அழைப்பாள். "லாத்தா, இத்தனை நாள் நாம் கடலைப் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டாள். பார்த்தோம், பெயரை மட்டும் பார்த்தோம் என்றேன்.

அந்த அட்டைக்கு ஒரு பைசா செலவில்லை. நான் சொல்லிக்கொடுப்பதில் உருப்படியான பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தத் துளைதான்.

கைபேசியில் படமெடுத்து அதிலிருந்தே நிறத்தை எடுத்துக்கொண்டால் என்ன?

எடுக்கலாம், ஆனால் கைபேசியும் ஒரு ஓவியர் என்பதை மறக்காதீர்கள். நீலத்தையும் பச்சையையும் தானாகவே செறிவாக்கும், நிழலைத் தூக்கிவிடும், மாலைச் சிவப்பை வெள்ளையாக்கப் பார்க்கும். கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பையும் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். படத்தில் ஒற்றைப் புள்ளியைத் தொட்டு நிறம் எடுத்தால் பொய்யான நிறமும் வந்து விழும். சுற்றியுள்ள பகுதியின் சராசரியை எடுக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

அந்தி வானத்தில் ஆரஞ்சையும் நீலத்தையும் கலந்தால் நடுவில் அழுக்குச் சாம்பல் வருகிறதே?

வண்ணச் சக்கரத்தில் இரண்டும் எதிரெதிரே இருக்கின்றன. செயலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்கோட்டில் போகிறது, அந்தக் கோடு சக்கரத்தின் நடு வழியாகச் செல்கிறது, நடுவில் இருப்பது சாம்பல். தனுஷ்கோடியில் மாலையில் நின்று மேற்கே பாருங்கள். ஆரஞ்சுக்கு மேலே வெளிர்மஞ்சள், அதற்கு மேலே பச்சையோ என்று ஐயப்பட வைக்கும் ஒரு மெல்லிய பட்டை, அதற்கு மேலேதான் நீலம். சில நாள் மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு. வானம் சக்கரத்தின் விளிம்பில் நடக்கிறது. நீங்களும் நடுவில் ஒரு வெளிர்மஞ்சளைக் கையால் வைத்துவிட்டு, பிறகு இருபுறமும் கலந்துவிடுங்கள்.

நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் படம் செத்துப்போகிறது. ஏன்?

நிழல் என்றால் வெளிச்சமே இல்லாத இடம் என்று நினைத்துக் கறுப்பை எடுக்கிறீர்கள். நண்பகலில் அரிச்சல்முனை மணலில் நிற்கும் ஒருவரின் நிழலைப் பாருங்கள். வெயில் அங்கே விழவில்லை, ஆனால் தலைக்கு மேலே இருக்கும் நீல வானம் முழுவதும் அதில் விழுகிறது. அதனால் மணலின் நிழல் நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். அதே ஆளின் தாடைக்கு அடியில் பாருங்கள். அங்கே மணலிலிருந்து திரும்பிய வெளிச்சம் பட்டு இளஞ்சூடான நிறம். ஒரே ஆளிடம் இரண்டு நிழல், இரண்டு நிறம்.

எல்லாரும் செய்வதுபோல நிழலுக்கு, கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையில் ஒரு லேயர் வைப்பதில் தவறில்லை. அதில் சாம்பலை நிரப்பாமல், அன்றைய வானத்துக்கு ஏற்ற ஒரு வெளிர் ஊதாவையோ நீலத்தையோ நிரப்புங்கள். பிறகு எதிரொளி படும் இடங்களைத் தனியாகத் தீட்டுங்கள். ஒரே லேயரில் முழு நிழலையும் முடித்துவிடலாம் என்று சொல்லும் காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றில் வெளியில் வெயில் அடிப்பதாகவே தெரியாது.

நம் மக்களின் தோல் நிறத்துக்கு எந்த எண் வைப்பது?

எண் தர மாட்டேன். செயலிகளில் 'தோல்' என்று கிடைக்கும் ஆயத்தத் தொகுப்புகளில் பல, ரோஸ் கலந்த வெளுத்த நிறங்களில் தொடங்குகின்றன. அதைக் கொஞ்சம் இருட்டாக்கினால் நம் ஆள் வந்துவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். வருவது சிமென்ட் பொம்மை.

கடலுக்குப் போய்வந்த ஒருவர் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பதை அருகில் இருந்து பார்த்தால் தெரியும். அடித்தளம் சிவப்பு ஓடும் அடர்பழுப்பு. நெற்றியிலும் தோள்பட்டையிலும் வியர்வையின் மேல் வானம் விழுவதால், பளபளப்பு கிட்டத்தட்ட வெளிர்நீலமாக இருக்கிறது. கறுத்த மேனியில் இந்தப் பளபளப்பு வெளுத்த மேனியில் இருப்பதைவிட அதிகம் எடுபடும், ஏனென்றால் அடித்தளத்துக்கும் அதற்கும் ஒளியளவு இடைவெளி பெரிது. வெயிலுக்கு எதிராக நின்றால் காது மடலின் விளிம்பில் சிவப்பு ஏறும். உள்ளங்கை வேறு நிறம். உப்பு படிந்த முன்கையில் செறிவு குறைந்து சாம்பல் தட்டும். இவ்வளவையும் ஒரு பழுப்பில் அடக்க முடியாது.

கறுத்த ஆளை வரைந்துவிட்டு, கடைசி நேரத்தில் 'அழகாக இருக்கட்டும்' என்று இரண்டு படி வெளுக்க வைக்கும் பழக்கம் என் மாணவர்களிடமும் இருந்தது, பதிப்பகங்களிடமும் இருக்கிறது. என்னிடம் ஒருமுறை அப்படிக் கேட்டார்கள். பின்னணியின் ஒளியளவைக் கூட்டிக் கொடுத்தேன். ஆள் தெளிவாகத் தெரிந்தார், மேனி மாறவில்லை. கேட்டவர்கள் 'இப்போதுதான் சரியாக இருக்கிறது' என்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வெளுப்பு இல்லை, வேறுபாடு.

ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் வைத்தேன். வேறு வேறாகத் தெரிகிறது.

பிரான்ஸில் கொபெலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் செவ்ரோலிடமும் இதே புகார் வந்தது. கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்றார்கள். அவர் பார்த்தபோது சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள் கறுப்பை மங்கலாகக் காட்டின. அதை ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். ஒரு நிறம் தன் அயல் நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும். ஆரஞ்சுக்கு நடுவில் வைத்த சாம்பல் நீலம் தட்டும், நீலத்துக்கு நடுவில் அதே சாம்பல் ஆரஞ்சு தட்டும். செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

வாலிநோக்கம் உப்பளத்தில் இதை இலவசமாகப் பார்க்கலாம். அந்தி மயங்கும் நேரத்தில் உப்புக் குவியல் வெள்ளையாகத்தான் தெரியும், சத்தியம் செய்வோம். துளை அட்டையை வைத்தால் நடுத்தரச் சாம்பல்நீலம். சுற்றியுள்ள பாத்திகள் அதைவிட இருட்டாக இருப்பதால் மூளை அதை வெள்ளை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. படத்தில் அந்த இடத்தில் உண்மையான வெள்ளையை வைத்தால் குவியலுக்குள் யாரோ விளக்கு ஏற்றி வைத்ததுபோல ஆகும்.

எதிர்நிறம், அண்டைநிறம், முக்கோணம் என்று சேர்க்கைகள் சொல்கிறார்களே, மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எதிரெதிரானவை மோதும், அடுத்தடுத்தவை இழையும், இவ்வளவு தெரிந்தால் போதும். முக்கோணம், சதுரம் எல்லாம் சக்கரத்தின் மேல் கோடு போட்டு விளையாடுவது. எவ்வளவு இடத்துக்கு எந்த நிறம் என்பதை அவை சொல்வதில்லை, படம் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

அதற்குப் பதிலாக ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். சேதுபதிகளின் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய சுவரோவியங்கள். ராமாயணக் காட்சிகள், தஞ்சை மராட்டியருடன் போர், அரசவை, அந்தப்புரம் எல்லாம் இருக்கின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களை வைத்துக்கொண்டு சுவர் சுவராக நிரப்பியிருக்கிறார்கள். எந்தச் சுவரில் சிவப்பு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்து நான்கே நிறங்களில் ஒரு படம் வரையுங்கள். ஒளியளவை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் ஜொலித்த படம் அச்சில் மங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

எனக்கும் நடந்தது. ஒரு விழாவுக்குச் சுவரொட்டி வரைந்தேன். பின்னணி முழுவதும் கடல், அந்த மணல்திட்டு நீலப்பச்சை. திரையில் பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். வெளியூர் அச்சகம் ஒன்றில் கொடுத்து ஐந்நூறு பிரதி அடித்து வந்தபோது கடல் பழைய பிளாஸ்டிக் வாளியின் நிறத்தில் இருந்தது. அச்சகத்தாரோடு தொலைபேசியில் சண்டை போட்டேன். அவர்கள் மாதிரி அச்சு காட்டவில்லை என்பது உண்மை. ஆனால் திரைக்குரிய கோப்பை அப்படியே அனுப்பியது நான்.

திரை காட்டக்கூடிய பளிச்சென்ற பச்சை, நீலப்பச்சை, நீலம் ஆகியவற்றில் பெரும்பகுதி நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. வெளியே நிற்பதை அச்சு தன் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளும், அந்த இழுப்பில் செறிவு போய்விடும். அச்சுக்குப் போகும் படமென்றால் தொடங்கும்போதே அச்சகத்திடம் எந்த நிற அமைப்பு வேண்டும் என்று கேளுங்கள். கிரிட்டா என்ற வரைமென்பொருளில் அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி இருக்கிறது, எல்லை தாண்டும் நிறங்களை அடையாளமும் காட்டும். நீலப்பச்சை அச்சில் ஒளிர வேண்டுமென்றால் அதைச் சுற்றிச் செறிவு குறைந்த சூடான நிறங்களை வையுங்கள். செவ்ரோல் சொன்ன வித்தைதான். என் அடுத்த சுவரொட்டியில் கடலுக்குப் பக்கத்தில் பனை ஓலைப் பழுப்பை வைத்தேன், பிழைத்துக்கொண்டது.

வெளியில் உட்கார்ந்து வரைந்தது வீட்டுக்கு வந்ததும் வேறாகத் தெரிகிறது.

நம் ஊர் வெயிலில் எந்தத் திரையும் தோற்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்று நிறங்களை ஏற்றிக்கொண்டே போவீர்கள், வீட்டுக்குள் வந்ததும் கூசும். வெளியில் குறிப்பும் ஒளியளவும் மட்டும் எடுங்கள், நிறத்தை நிழலில் முடியுங்கள். வெளிச்சம் தானாக மாறும் அமைப்பையும், இரவில் மஞ்சளாக்கும் அமைப்பையும், 'துடிப்பான நிறங்கள்' என்ற அமைப்பையும் வரையும்போது அணைத்துவிடுங்கள்.

எந்த மென்பொருள் வாங்க வேண்டும்?

எதுவும் வாங்க வேண்டாம். கணினி இருந்தால் கிரிட்டா இலவசம், கைபேசியானால் இபிஸ் பெயின்ட்டில் தொடங்குங்கள். லேயரும் கலப்பு முறைகளும் இரண்டிலும் உண்டு.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில்லை. இதற்கு நான் லாயக்கில்லையா?

ஏன் இல்லை? ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு. உலகம் முழுவதும் இருக்கிறது. செடியில் தொங்கும் பழுத்த மிளகாய் இலையோடு கலந்துவிடுகிறது என்றால், ஒளியளவால் அதைப் பிரித்துக் காட்டுங்கள். உங்கள் நிறங்களுக்குத் தட்டில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் திண்ணைக்கு வரும் ஒருவனுக்கு இது இருக்கிறது. கறுப்பு லேயர் வைத்துப் பார்க்கும்போது அவன் படம்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக நிற்கிறது. எஞ்சியவர்கள் அவனிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

எத்தனை நாளில் கைவரும்?

தெரியாது. ஆனால் பயிற்சி ஒன்று தருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கரையில் ஏற்றி வைத்த வத்தை என்னும் சிறு படகோ, ஒற்றைப் பனையோ, எதுவானாலும் சரி. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு, மூன்று வேளையும் அதைத் தீப்பெட்டி அளவில் வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம், கோட்டுப் படம் கிடையாது, திட்டுத் திட்டாக ஐந்து நிறங்கள் மட்டும். பத்து நாளில் முப்பது சேரும். அவற்றை ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டி, கறுப்பு லேயரை எரித்து ஒருமுறை, அணைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள். மின்சாரம் அடிக்கடி போகும், சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவும்.